இன்டிகோ துணி போதவில்லை: பாதியில் நிற்கும் மூன்று குவில்ட்களுக்கு ஆலோசனை தேவை

மயிலைக் கத்தரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாப்பூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைத்து வருகிறேன். இப்போது மூன்று குவில்ட்கள் முடியாமல் நிற்கின்றன. நேரம் இல்லாமல் அவை நிற்கவில்லை. மூன்றிலும் துணிதான் சிக்கல். அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றாக எழுதுகிறேன்.

முதலாவது, லாக் கேபின் அமைப்பில் (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் வைத்து) தைத்த நீலமும் வெண்மையும். எழும்பூர் பாந்தியன் சாலையில், நம்மில் பலர் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் கடை வரிசையில், சென்ற தை மாதம் இன்டிகோ நீலத்தில் சிறு இலைகள் அச்சிட்ட ஒரு பருத்தித் துணியைக் கண்டேன். பார்த்ததுமே மனம் அதில் நின்றுவிட்டது. ஆனால் எந்தக் கணக்கும் போடாமல் இரண்டு மீட்டர் மட்டும் வாங்கினேன். எட்டு அங்குலக் கட்டங்கள் 48 தைத்து, சுற்றிலும் இரண்டு அங்குல வெண்பட்டை வைத்ததில் மேல்துணி இப்போது 52-க்கு 68 அங்குலம் இருக்கிறது. அதே இலைத் துணியால் நான்கு அங்குல ஓரப்பட்டை வைத்து 60-க்கு 76 ஆக்கவேண்டும் என்பது என் எண்ணம். கையில் இருப்பதோ அரை மீட்டர். திரும்பச் சென்று கேட்டபோது, அது ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய துணி என்றும், இனி வராது என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார். வேறு நீலத்தைச் சேர்த்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியுமோ என்று தயங்குகிறேன். இதற்கு அடித்துணி எத்தனை மீட்டர் வாங்கவேண்டும் என்பதையும் யாராவது சொன்னால், இம்முறை கணக்கோடு கடைக்குப் போவேன்.

இரண்டாவது, மெரூன் நிறச் சுங்குடியும் வெள்ளைப் பாப்ளினும் சேர்ந்த நட்சத்திரக் குவில்ட். இருபது கட்டங்களில் பன்னிரண்டு முடிந்துவிட்டன. சுங்குடியை நனைக்காமலே வெட்டிவிட்டேன். போன வாரம் நீராவி விட்டு இஸ்திரி போட்டபோது, ஒரு நட்சத்திரத்தின் முனையருகே வெள்ளையில் இளஞ்சிவப்பு படர்ந்தது. அன்றிலிருந்து அதைத் தொடவே கை வரவில்லை. மேலே தைக்கலாமா, நிறுத்திவிடலாமா?

மூன்றாவது எனக்கு மிகவும் நெருக்கமானது. என் அம்மா உடுத்திய பருத்திப் புடவைகள் ஆறு என்னிடம் இருக்கின்றன. ஆவணியில் என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. அந்தப் புடவைகளால் குழந்தைக்கு ஒன்று தைத்துக் கொடுக்க விரும்புகிறேன். நடுவில் இலவம்பஞ்சு வைக்கும்படி அத்தை சொல்கிறார். நம் ஊர் வெயிலுக்கு அது சரிவருமா? பழைய புடவை தையலைத் தாங்குமா?

எதை முதலில் முடிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

அங்குலக் கணக்கு (பதில்)

வணக்கம் சகோதரி. உங்கள் நீலக் குவில்டுக்கு வேறு துணி தேட வேண்டாம் என்பது என் முடிவு; கையில் உள்ள அரை மீட்டரே போதும். நான்கு அங்குலப் பட்டை என்ற எண்ணத்தை மட்டும் இரண்டரையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அரை மீட்டர் என்பது ஏறத்தாழ 19½ அங்குலம். அதை நேராக்கி, மூன்று அங்குல அகலத்தில் ஆறு பட்டைகள் வெட்டினால் 18 அங்குலம் செலவாகும். கரையை நீக்கிய பிறகு ஒவ்வொரு பட்டையும் 42 அங்குல நீளம் இருக்கும் என்று கொள்கிறேன். வெட்டுமுன் ஒருமுறை அளந்துவிடுங்கள். நான்கு மூலைகளிலும் பட்டையைக் கொண்டுபோகாமல், கட்டங்களில் நீங்கள் பயன்படுத்திய வெண்ணிறத் துணியிலோ அடர்நீலத்திலோ மூன்று அங்குலச் சதுரங்களை வையுங்கள். அப்போது உங்களுக்கு வேண்டியவை 68½ அங்குலத்தில் இரண்டும் 52½ அங்குலத்தில் இரண்டும்தான். நான்கு முழுப் பட்டைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டையும் 27 அங்குலம், 11 அங்குலம் என்று வெட்டினால், நீளப் பக்கத்துக்கு 42-உடன் 27-உம், அகலப் பக்கத்துக்கு 42-உடன் 11-உம் சேர்ந்து, இணைப்புத் தையலுக்கான அரை அங்குலமும் கிடைத்துவிடுகிறது. மிஞ்சுவது பட்டைக்கு நான்கு அங்குலம் மட்டுமே. ஆகவே வெட்டும் நாளில் அவசரம் கூடாது. முதலில் காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

இவ்வளவில் குவில்ட் 57-க்கு 73 ஆகிவிடும். 60-க்கு 76 வேண்டும் என்றால், இலைப் பட்டைக்கு வெளியே ஒன்றரை அங்குலம் தெரியும்படி ஒரு வெற்று நீலப் பட்டை சேருங்கள். அந்த வெற்றுப் பட்டையை உள்ளே வைத்துவிடக் கூடாது. உள்ளே வைத்தால் சுற்றளவு கூடி, இலைத் துணி மறுபடியும் போதாமல் போகும்.

அடித்துணிக்கு வருகிறேன். பெரும்பாலோர் இரண்டு நீளங்களை வாங்கி நெடுக்காக இணைப்பார்கள். 76 அங்குலத்தோடு மேலும் கீழும் நான்கு சேர்த்து 84. அது இரண்டு என்றால் 168 அங்குலம். சுருக்கத்தையும் கணக்கிட்டால் நான்கரை மீட்டர். அதில் அகலவாக்கில் ஒரு பெரிய துண்டு வீணாகும். உங்கள் அளவுக்குக் குறுக்காக இணைப்பதே மேல். 68 அங்குலத்தில் இரண்டு துண்டுகள், 136 அங்குலம். நான்கு விழுக்காடு சுருங்கினாலும் மூன்றே முக்கால் மீட்டரில் அடங்கிவிடும். 44 அங்குல அகலத் துணி துவைத்துக் கரை நீக்கிய பிறகு 41 அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்கும். இரண்டும் இணைந்தால் 82. குவில்டின் 76-க்கு மேல் பக்கத்துக்கு மூன்று அங்குலம் உபரி இருக்கும், வீட்டில் தைப்பவருக்கு அது போதும். சுற்றி மடித்துத் தைக்கும் பைண்டிங் பட்டைக்கு இரண்டரை அங்குலத்தில் ஏழு துண்டுகள் வேண்டும், அதாவது அரை மீட்டர். அடித்துணியோடு சேர்த்தே அதையும் வாங்கிவிடுங்கள்.

மிச்சத் துணிக் கடைகளில் வாங்குவதற்கு நான் பின்பற்றும் ஒரே வழக்கத்தையும் சொல்கிறேன். துணி பிடித்துவிட்டது, எதற்கென்று இன்னும் தெரியவில்லை என்றால் மூன்று மீட்டர். அதற்குப் பணம் இல்லை என்றால் அரை மீட்டர். அரை மீட்டர் வாங்கினால் அது துணுக்கு என்பது முதலிலேயே மனத்துக்குத் தெரிந்துவிடும். நடுவில் நிற்கும் இரண்டு மீட்டர்தான், எல்லாவற்றுக்கும் போதும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஓரப்பட்டையில் கைவிடுகிறது.

சாயத்தொட்டி (பதில்)

சுங்குடி பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் பன்னிரண்டு கட்டங்களையும் கைவிடவேண்டிய நிலை இல்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வெட்டி மிஞ்சிய சுங்குடியில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை, கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் ஒரு சொட்டுத் திரவச் சோப்பு விட்டு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு அதை எடுத்து அலசாமல் உங்கள் வெள்ளைப் பாப்ளினின் மேல் பரப்பி, அப்படியே உலர விடுங்கள். நீர் மட்டும் நிறம் மாறி, பாப்ளின் வெள்ளையாகவே இருந்தால் துணி பிழைத்தது. பாப்ளினிலும் நிறம் ஏறியிருந்தால், நான் பின்னால் சொல்லும் முறை உங்களுக்குத் தேவைப்படும்.

உப்பு நீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், வினிகர் விடச் சொல்வார்கள். இரண்டாலும் பருத்தியில் சாயம் நிலைக்காது. வினிகர் போன்ற அமிலம் உதவுவது பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு; பருத்திக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயமோ காரத்தன்மை உள்ள நீரில்தான் இழையோடு பிணைகிறது. சாயத்தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மைதான், ஆனால் அது சாயத்தை நீரிலிருந்து இழைக்குத் தள்ளுவதற்காகச் சேர்ப்பது. ஏற்கெனவே ஏறிய சாயத்தைப் பூட்டி வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பிணையாத மிச்சச் சாயம் பட்டறையில் முழுமையாக அலசப்படாமல் போனால், அது நம் வீட்டு வாளியில் வெளியே வருகிறது. ஆகவே நாம் செய்யவேண்டியது அந்த மிச்சத்தை வெளியேற்றுவது, அதற்குச் சுடுநீரும் சோப்பும் போதும். இன்னும் வெட்டாத சுங்குடி முழுவதையும் இன்றே சுடுநீரில் சோப்புப் போட்டு, நீர் தெளியும் வரை அலசிவிடுங்கள்.

தைத்து முடித்த கட்டங்களைத் தனித்தனியாக நனைக்க வேண்டாம். கால் அங்குலத் தையல் விளிம்புகள் பிரிந்து நூலாகிவிடும், சதுரமும் கோணிப்போகும். இருபது கட்டங்களையும் முடித்து, மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்து, பைண்டிங்கும் வைத்த பிறகே முதல் நனைப்பு. அதுவரை நீராவி இல்லாமல் உலர்ந்த இஸ்திரி மட்டும் போடுங்கள். முதல் நனைப்பைப் பெரிய தொட்டியில் செய்யுங்கள்: ஏறத்தாழ அறுபது டிகிரி சூட்டில் நிறைய நீர், அரைக் கோப்பை அளவுக்குக் குறையாத திரவச் சோப்பு, குவில்டின் எந்த மூலையும் நீருக்கு வெளியே தலைநீட்டாதபடி பன்னிரண்டு மணி நேரம். வெளியேறிய சாயம் சோப்பு நீரிலேயே மிதந்து நிற்கும். மறுபடி வெள்ளையில் படியாது. நீர் சிவந்திருந்தால் மாற்றிவிட்டு மீண்டும் ஊறவையுங்கள். என் குவில்ட் ஒன்றுக்கு மூன்று முறை மாற்றவேண்டியிருந்தது. நான்காம் முறை நீர் தெளிந்தது, வெள்ளையும் வெள்ளையாகவே மீண்டது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில் இதைச் செய்யாதீர்கள், கடின நீரில் சோப்பு தன் வேலையைச் செய்யாது. மெட்ரோ வாட்டர் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஈரக் குவில்டைப் பிழிந்து, சுருட்டி, வாளியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். சாயம் இடம் மாறுவது அந்த அரை மணி நேரத்தில்தான். இளஞ்சிவப்பு படர்ந்த அந்த ஒரு முனையின் மேல் இனி இஸ்திரிப் பெட்டியை வைக்காமல் இருந்தால், முதல் நனைப்பில் அதுவும் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கட்டம்போட்ட துணி ஒன்று 1960களில் அமெரிக்காவில் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரிலேயே விற்பனையானது. துவைக்கத் துவைக்க அதன் நிறங்கள் ஒன்றில் ஒன்று கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். சட்டையில் அது அழகாக இருந்திருக்கும். முனை கூர்மையாகத் தெரியவேண்டிய நட்சத்திரத்தில் அந்தக் கசிவுக்கு இடமில்லை.

நீலக் குவில்டுக்கும் ஒரு சொல். உண்மையான இன்டிகோ நீரில் கரைவதில்லை, ஆனால் உரசினால் ஒட்டும். வெள்ளைக் கைக்குட்டையால் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் அந்தப் பட்டைகளை வெட்டுமுன் இரண்டு முறை சோப்பு நீரில் அலசிவிடுங்கள்.

கோடவுன் தெரு அனுபவம் (பதில்)

அம்மா, நான் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவில் மொத்தத் துணி வியாபாரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வெற்று நீலத்துக்கு நீங்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். அங்கே பல கடைகளில் ரோலாகத்தான் கொடுப்பார்கள், ஒன்றரை மீட்டருக்கு வெட்டமாட்டார்கள். உங்கள் வீட்டருகே உள்ள மேட்ச்சிங் சென்டரில், ரவிக்கைக்கு விற்கும் 2×2 ரூபியாவைக் கேளுங்கள். நெடுக்கிலும் குறுக்கிலும் இரட்டைப்புரி நூலால் நெய்வதால் அது உறுதியாக இருக்கும். நீலத்திலேயே பத்துப் பதினைந்து சாயல்களை அடுக்கிக் காட்டுவார்கள். இலைத் துணியைக் கையோடு எடுத்துச் சென்று, கடை விளக்கில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

ரூபியா என்ற பெயரிலேயே பாலியெஸ்டர் கலந்ததும் விற்கிறது. இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு மென்சாம்பலாகும், கலப்பு நூலானால் நுனியில் கடினமான மணி உருளும். ரேயானும் காகிதம்போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனையில் அது தப்பிவிடும். கையில் வழவழப்பாகக் குழைந்து விழுந்தால் அது ரேயான், குவில்டுக்கு வேண்டாம். பன்னா (துணியின் அகலம்) எவ்வளவு என்று கேட்டபிறகு மீட்டரைச் சொல்லுங்கள். 36 அங்குலத் துணி வந்துவிட்டால் மேலே நண்பர் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். வெவ்வேறு நாளில் வாங்கினால் ஒரே எண்ணிட்ட நிறத்திலும் லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி) மாறும், ஆகவே தேவையை ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.

ஓடுதையல் (பதில்)

அன்புள்ள மயிலைக் கத்தரி, அம்மாவின் புடவைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மாமியார் தைத்த விரிப்பை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நடுவில் பஞ்சே இல்லை. இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகள் மடிப்பாக இருக்கின்றன. சென்னைக்கு அதுதான் சரி. அத்தை சொல்லும் இலவம்பஞ்சு தலையணைக்கு மிக நல்லது. ஆனால் அதன் இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது. எவ்வளவு நெருக்கமாகத் தைத்தாலும் துவைக்கும்போது ஓரமாய்த் திரளும். தையல் துளை வழியே துகளாக வெளியே வரும், குழந்தையின் மூக்கருகே அது ஆகாது. கடையில் நடு அடுக்குக்கென்று விற்கும் பாலியெஸ்டர் பேட்டிங்கும் இந்த ஊரில் வியர்க்க வைக்கும். உங்கள் வீட்டில் பழைய வேட்டி இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் மெல்லிய காடாத் துணியைக் கஞ்சி போகும்படி இரண்டு முறை துவைத்து ஓர் அடுக்கு வையுங்கள்.

புடவை தாங்குமா என்பதற்குச் சன்னல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் முழங்கால் படும் இடமும் கொசுவத்தின் கீழ்விளிம்பும் சல்லடையாகத் தெரியும்; இடுப்பில் செருகும் உள்முனையும் முந்தானையை ஒட்டிய பகுதியும் பெரும்பாலும் திடமாக இருக்கும். நல்ல பகுதிகளை இரண்டு கட்டைவிரல்களாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். இழை விலகாமல் நின்றால் மேல்துணிக்கு எடுங்கள். நொய்ந்த பகுதிகளையும் எறியவேண்டாம், நடு அடுக்கில் வையுங்கள். அம்மாவின் புடவை அதில் முழுவதுமாக இருந்ததாக ஆகும். கனத்த செட்டிநாட்டுக் கண்டாங்கி ஏதேனும் அந்த ஆறில் இருந்தால், அதை மென்மையான புடவையோடு ஒரே வரிசையில் தைக்காதீர்கள். கனமான துணி பக்கத்துத் துணியை இழுத்துக் கிழிக்கும். அதைத் தனியே அடித்துணியாக்குங்கள். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றே ஒரு பெரிய குவில்டின் அடித்துணிக்குப் போதும்.

இதை இயந்திரத்தில் தைக்காமல் கையால் ஓடுதையல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வங்கத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கவுதியும் பழைய துணிகளை அடுக்கி ஓடுதையலால் பிணைப்பவைதான். கவுதி தைக்கும், சித்தி எனப்படும் ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். வளையச் சட்டம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பேட்டிங் வைத்த குவில்டை நடுவிலிருந்து வெளியே தைக்கவேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம், ஆனால் புடவை அடுக்குகளுக்கு விளிம்பிலிருந்து வரும் முறை எனக்கு நன்றாக ஒத்துவந்தது. முதலில் நான்கு விரல் இடைவெளியில் கச்சாத் தையல் போட்டு அடுக்குகளை நிறுத்திவிடுங்கள். பிறகு வரிசைக்கு வரிசை ஒன்றரை விரற்கடை. பருத்தி நூல்தான் வேண்டும். பாலியெஸ்டர் நூல் பழைய துணியைவிட வலிமையானது, காலப்போக்கில் அது துணியை அறுக்கக்கூடும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு வயது ஆகும் வரை, உறங்கும் குழந்தையின் மேல் எந்தக் குவில்டையும் போர்த்தக் கூடாது. முகத்தை மூடினால் மூச்சு முட்டும். அது வரை குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறக் கிடத்த இது உதவும். ஆகவே நாற்பது அங்குலச் சதுரமே போதும், ஆவணிக்குள் முடிந்தும்விடும். எதை முதலில் என்று கேட்டீர்கள். இதைத்தான்.

அங்குலக் கணக்கு

மேலே உள்ள கருத்தை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நீலக் குவில்டின் மேல்துணியை முதல் வாரத்திலேயே முடித்து மடித்து வைத்துவிடுங்கள். வெட்டும் அளவு நினைவில் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும்.

மயிலைக் கத்தரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நால்வருக்கும் நன்றி.

கைக்குட்டைச் சோதனையில் நீலம் லேசாக ஒட்டியது. இரண்டு முறை அலசியபின் ஒட்டவில்லை. ஆனால் அலசியதில் அரை மீட்டரின் அகலம் 41½ அங்குலமாகச் சுருங்கியது. கணக்கில் மிச்சம் இன்னும் குறைந்ததால், மூலைச் சதுரங்களோடு நான்கு பக்கங்களின் இணைப்பிலும் ஒரு வெண்ணிறச் சதுரம் வைத்தேன். முதலில் யோசித்த நான்கு அங்குலப் பட்டையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. வெளிப்பட்டைக்கு மயிலாப்பூரிலேயே அடர்நீல ரூபியா கிடைத்தது. இரண்டு ரூபியாக்கள் நெருப்பில் மணியாக உருண்டதால் மூன்றாவதை எடுத்தேன். அடித்துணிக்கு எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் போனேன். பன்னாவைக் கேட்டு, மூன்றே முக்கால் மீட்டரும் பைண்டிங்குக்கு அரை மீட்டரும் ஒரே லாட்டில் வாங்கி வந்தேன்.

சுங்குடி பாப்ளினில் நிறம் ஏற்றியது. மீதித் துணியை ஐந்து முறை அலசினேன், ஐந்தாவது நீர் தெளிவாக இருந்தது. எட்டுக் கட்டங்களும் அந்தத் துணியில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் நனைப்பு மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியில் வெயில் இருக்கும் ஒரு நாளில் செய்வேன். ஐப்பசியில் இந்தக் கனம் உலராது.

அம்மாவின் புடவைகளில் ஐந்து தாங்கின. ஆறாவது, அவர் தினமும் கட்டிய பச்சைப் புடவை, இழுத்தவுடன் விலகிவிட்டது. அது இப்போது அப்பாவின் வேட்டியோடு நடு அடுக்கில் இருக்கிறது. விளிம்பிலிருந்து தொடங்கி ஒன்பது சுற்றுகள் முடித்திருக்கிறேன். மூலையில் திரும்பும்போது துணி சற்று எழும்புகிறது. அங்கே நூலை இழுக்காமல் தளர்வாக விட்டால் சரியாகுமா என்பதை மட்டும் ஓடுதையல் சொல்லவேண்டும்.

ஓடுதையல்

சரியாகும். மூலைக்கு மூன்று தையல் முன்பே நூலைத் தளர்த்தி, திரும்பிய பிறகு உள்ளங்கையால் துணியை நீவிவிட்டுத் தொடருங்கள். எழும்பியிருக்கும் சுற்றுகளைப் பிரிக்க வேண்டாம். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும்போது அவை படிந்துவிடும்.